நாவின் கட்டு அவிழ்ந்த பின்னர்



எங்கள் மகளுக்கு இப்போது பதினான்கு மாதங்கள் நிறைந்துள்ளன. அல்ஹம்துலில்லாஹ், இன்றும் அவள் தாய்ப்பால் அருந்துகிறாள். படிப்பவர்களுக்கு இதில் வியப்பு எதுவும் தோன்றாமல் இருக்கலாம். ஆயினும் அவள் பிறந்த முதல் நாற்பது நாட்களில் எங்கள் வீட்டில் இருந்தவர்கள் எவரும் இதனைச் சாதாரணமாகச் சொல்லிவிட மாட்டார்கள்.

கணவனும் மனைவியுமாக நாங்கள் இருவரும் சேர்ந்தே இதை எழுதுகிறோம். எங்களுள் ஒருவர் பாலூட்டியவர்; மற்றவர் அருகிலிருந்து கண்டவர். இருவரில் ஒருவர் மட்டும் எழுதினால் பாதிதான் வரும் என்று தோன்றியது. பாலூட்டலைப் பற்றி வெளிப்படையாகப் பேச நம் குடும்பங்களில் கூச்சம் உண்டு. அல்லாஹ்வின் வேதம் அதைக் கூச்சமின்றிப் பேசியிருக்கிறது. நாங்களும் இயன்றவரை கண்ணியத்தோடு பேச முயல்கிறோம்.

காயல்பட்டினத்தில் மணமகன் மணமகளின் வீட்டில் வந்து வாழ்வதே வழக்கம். ஆகவே உம்மா, வாப்பா, உம்மும்மா, லாத்தா, அவருடைய பிள்ளைகள் என அனைவரும் ஒரே கூரையின்கீழ் இருந்தோம். மகள் பிறந்தபோது அவளுடைய எடை 3 கிலோ 100 கிராம். காதில் பாங்கு சொல்லப்பட்டது. வாப்பா பேரீச்சம்பழத்தை நன்கு மென்று, விரல்நுனியில் சிறிது எடுத்து, குழந்தையின் மேலண்ணத்தில் தடவித் தஹ்னீக் செய்தார். அப்போது அவர் சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னார்: “என்ன இது, பிள்ளை விரலைச் சப்பாமல் கடிக்கிறதே!” எல்லோரும் சிரித்தோம். அந்தச் சொல்லில் ஓர் அடையாளம் இருந்ததை அன்று எவரும் அறியவில்லை.

பாலூட்டத் தொடங்கிய முதல் நாளிலிருந்தே வலி. தொடக்கத்தில் சற்று வலிக்கும், பழகிவிடும் என்று எல்லோரும் கூறினார்கள். மூன்றாம் நாள் காம்பில் வெடிப்பு. ஐந்தாம் நாள் இரத்தம். குழந்தை குடிக்கும்போது நாக்கு நழுவி ‘டக், டக்’ என்று ஓர் ஓசை எழும். ஒரு மணி நேரம் மார்பிலேயே இருப்பாள், களைத்து உறங்கிவிடுவாள், கீழே கிடத்திய பத்தாம் நிமிடத்தில் பசித்து அழுவாள். அவள் வாயை எடுத்தபின் பார்த்தால் காம்பு உருண்டையாக இராமல் ஒரு பக்கம் நசுங்கிச் சாய்வாக வெட்டியதுபோல் இருக்கும். இவையெல்லாம் ஒரே காரணத்தைச் சுட்டும் அடையாளங்கள் என்பதைப் பின்னரே அறிந்துகொண்டோம்.

ஏழாம் நாள் அகீகா. தலைமுடி இறக்கி, அதன் எடைக்கு வெள்ளியின் மதிப்பைக் கணக்கிட்டு ஸதகா கொடுத்தோம். வீடு நிறைய உறவினர்கள். குழந்தையின் தலைமுடி எத்தனை கிராம் என்று மகிழ்ச்சியோடு பேசிக்கொண்டிருந்தபோது, எங்கள் இருவர் மனத்திலும் வேறோர் எடை கனத்துக்கொண்டிருந்தது. ஐந்தாம் நாள் பார்த்தபோது குழந்தை 2 கிலோ 860 கிராமுக்கு இறங்கியிருந்தாள். பிறந்த குழந்தைகள் முதல் சில நாட்களில் சற்று இளைப்பது இயல்பு. இரண்டு வாரங்களுக்குள் பெரும்பாலான குழந்தைகள் பிறந்த எடையைத் திரும்ப எட்டிவிடுவார்கள். எங்கள் மகள் எட்டுவாள் என்ற நம்பிக்கை எங்களுக்கு இல்லை.

வீட்டில் அன்புக்குக் குறைவில்லை. உம்மா நாள்தோறும் சுறாப்புட்டு ஆக்கினார். பூண்டைப் பாலில் வேகவைத்துக் கொடுத்தார். உம்மும்மா கருப்பட்டி சேர்த்த மருந்து கிண்டினார். ஆனால் அந்த அன்பினூடே ஒரு கேள்வியும் வந்துகொண்டே இருந்தது: “இன்னும் பால் ஊறவில்லையா?” பார்க்க வந்த ஒவ்வொருவரும் அதைக் கேட்டார்கள். கேட்டவர்கள் எவரும் தீய எண்ணத்தில் கேட்கவில்லை. ஆயினும் நாளொன்றுக்குப் பத்து முறை அதைக் கேட்கும் ஒரு தாய், தன் உடலே தன் பிள்ளைக்குத் துரோகம் செய்கிறதோ என்று எண்ணத் தொடங்கிவிடுவாள். எங்களுள் தாயானவர் கதவைச் சாத்திக்கொண்டு பாலூட்டத் தொடங்கினார். பின்னர் பாலூட்டும் நேரம் நெருங்கும்போதே அஞ்சத் தொடங்கினார். குழந்தை அசையும் சத்தம் கேட்டால் தோள்கள் இறுகிவிடும்.

எங்களுள் தந்தையானவரும் இதில் பிழையற்றவர் அல்லர். ஒரு நள்ளிரவில், உறக்கமின்மையின் எரிச்சலில், “ஏன் இந்தப் பிடிவாதம்? பால்மாவைக் கரைத்துக் கொடுத்துவிட்டால் முடிந்தது” என்று கூறிவிட்டார். பால்மாவு கொடுப்பது தவறு என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சொல் ஆலோசனையாக வரவில்லை, குற்றச்சாட்டாக வந்தது. அதற்கு மறுமொழி வரவில்லை. அறையில் அழுகுரல் இரண்டாயிற்று.

இதற்கிடையே லாத்தா ஒரு வழியைச் சொன்னார். அவருடைய இளைய மகனுக்கு அப்போது எட்டு மாதம். “நான் கொடுக்கிறேனே, என் தங்கை பிள்ளைதானே!” என்றார். பெருந்தன்மையான சொல் அது. நம் நபி (ஸல்) அவர்களுக்கே ஸுவைபா, ஹலீமா (ரலி) ஆகியோர் பாலூட்டியிருக்கிறார்கள். இதில் குறைவு ஏதுமில்லை. எனினும் அதனால் விளையும் உறவையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நாம் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின்படி, இரண்டு வயதுக்குள் ஐந்து தனித்தனி முறை பாலருந்தினால் பால்குடி உறவு நிலைபெற்றுவிடும். லாத்தாவின் பிள்ளைகள் அனைவரும் எங்கள் மகளுக்கு உடன்பிறந்தார் ஆகிவிடுவார்கள்; அவர்களுள் எவரையும் அவள் மணக்க இயலாது. விளையாட்டாகச் செய்யக்கூடிய செயல் அன்று. செய்தால் எழுதி வைத்து, இரு குடும்பமும் நினைவில் கொள்ள வேண்டிய செயல். வேறு வழி இல்லாமற்போனால் நிச்சயம் உங்களிடம் வருவோம் என்று நன்றியோடு கூறினோம்.

பன்னிரண்டாம் நாள் ஒரு மருத்துவரிடம் சென்றோம். அவர் குழந்தையின் வாயைத் திறந்து பார்த்தார். நாக்கின் அடியிலுள்ள சவ்வு கட்டிப் பிடித்திருக்கிறது, மேலுதட்டின் உட்புறச் சவ்வும் தடித்திருக்கிறது, இரண்டையும் லேசரில் இன்றே வெட்டிவிடலாம் என்றார். எல்லாம் ஐந்து நிமிடத்தில் முடிந்தது. குழந்தை பால் குடிப்பதை அவர் ஒரு முறையும் பார்க்கவில்லை. தாயிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எங்களுக்கு மனம் ஒப்பவில்லை. மஷூரா செய்துவிட்டு வருகிறோம் என்று சொல்லி வீடு திரும்பினோம். அன்றிரவு எங்களுள் தந்தையானவர் இஸ்திகாரா தொழுதார். நிஃபாஸ் காரணமாகத் தொழ இயலாத தாய் துஆவில் இருந்தார்.

இரண்டு நாட்கள் கழித்து, பதினான்காம் நாள், நெல்லையிலுள்ள ஒரு பெண் குழந்தை மருத்துவரிடம் சென்றோம். அவர் முதலில் குழந்தையை எடை பார்த்தார்: 2 கிலோ 820 கிராம். பிறகு அவர் வாயைத் திறந்து பார்க்கவில்லை. “பால் கொடுங்கம்மா, நான் பார்க்கிறேன்” என்றார். பாலூட்டலில் பயிற்சி பெற்ற மூத்த செவிலியர் ஒருவரும் உடன் அமர்ந்தார். நாற்பது நிமிடங்கள் இருவரும் அவசரமின்றிப் பார்த்தார்கள். அதன் பின்னரே மருத்துவர் கையுறை அணிந்த விரலை நாவின் அடியில் செலுத்திப் பார்த்தார். குழந்தை அழும்போது நாவின் நுனி மேலெழாமல் நடுவில் பள்ளம் விழுந்து இதய வடிவில் இருப்பதை எங்களுக்குக் காட்டினார். வாப்பா அன்று சொன்ன சொல் அப்போதுதான் எங்கள் நினைவுக்கு வந்தது.

மருத்துவர் விளக்கியதை எளிமையாகச் சொல்கிறோம். குழந்தை பால் குடிப்பது உறிஞ்சுவதால் மட்டும் நிகழ்வதன்று. நாக்கு கீழ் ஈறைத் தாண்டி முன்னே நீண்டு, மார்பின் அடிப்பகுதியை ஏந்திப் பிடித்து, அலைபோல் எழுந்து தாழ வேண்டும். நாக்கு தாழும்போது வாய்க்குள் உண்டாகும் வெற்றிடமே பாலை இழுக்கிறது. அடிச்சவ்வு குட்டையாக நாவின் நுனிவரை ஓடிப் பிடித்திருந்தால், நாக்கு நீளவும் இயலாது, எழவும் இயலாது. அப்போது குழந்தை ஈறுகளால் கடித்துப் பிடித்துக்கொள்கிறது. தாய்க்குப் புண், பிள்ளைக்குப் பசி. மார்பில் பால் முழுமையாக இறங்காததால், நாளடைவில் பால் ஊறுவதும் குறைந்துவிடுகிறது. பால் இல்லாததால் பிள்ளை குடிக்கவில்லை என்று வீட்டில் எண்ணினோம். பிள்ளை குடிக்க இயலாததால்தான் பால் குறைந்துகொண்டிருந்தது.

ஆயினும் அவர் உடனே கத்தரியை எடுக்கவில்லை. நாக்குக் கட்டு உள்ள குழந்தைகளில் பலர் எந்தச் சிகிச்சையுமின்றி நன்றாகப் பால் குடிக்கிறார்கள் என்றார். 2017இல் வெளியான காக்ரேன் திறனாய்வு ஒன்றைப் பற்றியும் கூறினார். அது ஐந்து ஆய்வுகளில் 302 குழந்தைகளின் விவரங்களைத் தொகுத்துப் பார்த்தது. சவ்வை வெட்டுவதால் தாயின் வலி குறுகிய காலத்தில் குறைகிறது. ஆனால் குழந்தை பால் குடிக்கும் திறன் எல்லோருக்கும் மேம்படுகிறது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்பதே அதன் முடிவு. மேலுதட்டுச் சவ்வு பெரும்பாலான குழந்தைகளுக்கு இயல்பாகவே அப்படித்தான் இருக்கும், அதைத் தொட வேண்டியதில்லை என்றும் சொன்னார்.

நான்கு நாட்களுக்கு ஒரு திட்டம் கொடுத்தார். பிடிக்கும் நிலையை மாற்றிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறை ஊட்டிய பின்னும் பாலைக் கையால் பீய்ச்சிப் பாலாடையில் புகட்ட வேண்டும். அது போதாத வேளையில் அளவாகப் பால்மாவும் கொடுக்கலாம். “முதலில் பிள்ளைக்கு வயிறு நிறையட்டும். பசித்த பிள்ளைக்கு எதையும் கற்றுக்கொடுக்க முடியாது” என்றார். அந்த வாக்கியம் எங்கள் தோளிலிருந்து பெருஞ்சுமையொன்றை இறக்கி வைத்தது.

பதினெட்டாம் நாள் எடை 2 கிலோ 900 கிராம். எடை ஏறியிருந்தது, ஆனால் ஏறியது பாலாடையால். மார்பில் பிடிப்பதும் வலியும் அப்படியே இருந்தன. இப்போது வெட்டுவதில் பயன் உண்டு என்று மருத்துவர் கருதினார். குழந்தைக்குப் பிறந்தவுடன் வைட்டமின் கே ஊசி போடப்பட்டதா, குடும்பத்தில் எவருக்கேனும் இரத்தம் உறையாத நோய் உண்டா என்று கேட்டறிந்தார். இரத்தக்கசிவு, புண், மீண்டும் ஒட்டிக்கொள்ளுதல் ஆகியவை அரிதாக நேரலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். “பிஸ்மில்லாஹ், செய்யுங்கள்” என்றோம்.

குழந்தையைத் துணியில் இறுகச் சுற்றினார்கள். செவிலியர் தலையைப் பிடித்துக்கொள்ள, தோள்களைத் தந்தையின் கைகள் பிடித்திருந்தன. மருத்துவர் நாவை உயர்த்தி, நுனி மழுங்கிய சிறு கத்தரியால் ஒரு முறை வெட்டினார். சில துளி இரத்தம். பஞ்சுத்துணியால் சற்று அழுத்தினார். முழுவதும் அரை நிமிடம்கூட ஆகவில்லை. துணியில் சுற்றியதற்கு அழுத அளவுக்கே அவள் வெட்டியதற்கும் அழுதாள். உடனே தாயின் மார்பில் சேர்த்தார்கள்.

இனி நாங்கள் சொல்லப்போவதற்காகவே இந்தக் கட்டுரையை எழுதத் துணிந்தோம். அந்த முதல் பாலூட்டலில் அற்புதம் எதுவும் நிகழவில்லை. வலி சிறிது குறைந்ததுபோல் இருந்தது. குழந்தை சில மிடறுகள் குடித்தாள், உறங்கிவிட்டாள். ஊர் திரும்பும் வழியெல்லாம் நாங்கள் மகிழ்ச்சியோடு இருந்தோம். அன்றிரவு அவள் முன்னைவிட மோசமாகக் குடித்தாள். வாயில் வைத்தவுடன் நழுவினாள், அழுதாள், மார்பைக் கையால் தள்ளினாள். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் இரவு எங்களுள் தாயானவர், “பிள்ளையின் வாயில் புண்ணை உண்டாக்கியதுதான் மிச்சம்” என்று சொல்லி அழுதார். வெட்டினால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையே அதுவரை எங்களைத் தாங்கியிருந்தது. வெட்டியும் சரியாகவில்லை என்றபோது பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை.

மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தோம். அவர் வியப்படையவில்லை. “கருவிலேயே கட்டுண்டிருந்த நாக்கு அது. இப்போதுதான் அதற்கு அசையும் இடம் கிடைத்திருக்கிறது. கடித்துக் குடிப்பதையே இத்தனை நாள் பழகிய பிள்ளை அந்தப் பழக்கத்தை மறக்க வேண்டும். புதியதைப் பழக வேண்டும். சில பிள்ளைகளுக்கு ஒரு நாள், சில பிள்ளைகளுக்குச் சில வாரங்கள். நீங்கள் பாலாடையை நிறுத்தாதீர்கள், மார்பில் வைப்பதையும் நிறுத்தாதீர்கள்” என்றார்.

நான்காம் நாள் இன்னொரு கலக்கம். நாவின் அடியில் வெட்டிய இடத்தில் வெண்மஞ்சள் நிறத்தில் ஒரு படலம் தோன்றியது. சீழ் பிடித்துவிட்டது என்று உம்மும்மா பதறினார். தேனில் ஏதோ குழைத்துத் தடவப் புறப்பட்டார். நல்லவேளையாக எங்களிடம் சொல்லிவிட்டுச் செய்ய எண்ணினார். அது சீழ் அன்று; வாய்க்குள் புண் ஆறும்போது தோன்றும் இயல்பான படலம், ஓரிரு வாரங்களில் தானே மறையும். காய்ச்சலோ வீக்கமோ நில்லாத இரத்தமோ இருந்தால்தான் அஞ்ச வேண்டும். தேனில் ஷிஃபா உண்டு என்பதை நாம் ஈமானோடு ஏற்கிறோம். எனினும் ஒரு வயது நிரம்பாத குழந்தையின் குடலில், தேனில் இருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமி நஞ்சை உண்டாக்கி உயிருக்கே ஆபத்து விளைவிக்கலாம் என்பதால் மருத்துவர்கள் அதைத் தடுக்கிறார்கள். உம்மும்மாவிடம் மருத்துவரையே பேசச் செய்தோம். பேசி முடித்து, “இத்தனை பிள்ளைகளை வளர்த்தும் இதை நான் அறியவில்லையே” என்றார். அறிந்தவர் சொன்னதும் ஏற்றுக்கொண்ட அந்தப் பெருமனம் எங்களுக்குப் பாடமாயிற்று.

வெளிநாட்டிலிருந்து உறவினர் ஒருவர் காணொளிகள் அனுப்பினார். வெட்டிய இடத்தை நாளுக்குப் பலமுறை விரலால் அழுத்தித் தேய்த்து நீட்ட வேண்டும் என்று அவற்றில் காட்டினார்கள். எங்கள் மருத்துவர் வேண்டாம் என்றார். அதனால் பயன் உண்டு என்பதற்குப் போதிய சான்றில்லை. மாறாக, வாயில் எது வந்தாலும் வலிதான் என்று பிள்ளை அஞ்சக் கற்றுக்கொள்ளக்கூடும் என்றார். நாவுக்கு அல்லாஹ் வைத்த பயிற்சி பால் குடிப்பதே என்பது அவருடைய சொல்.

அவ்வாறே அந்தப் பயிற்சியைத் தொடர்ந்தோம். செவிலியர் கற்றுக்கொடுத்த முறை இது. குழந்தை பசித்து அலறும்வரை காத்திராமல், கையைச் சப்பி வாயைத் திருப்பத் தொடங்கும்போதே எடுக்க வேண்டும். தாய் சற்றுப் பின்சாய்ந்து அமர்ந்து, குழந்தையின் உடலைத் தன் உடலோடு மேனிபட அணைத்துக்கொள்ள வேண்டும். காம்பைக் குழந்தையின் வாய்க்கு நேராக வையாமல் மூக்குக்கு நேராக வைக்க வேண்டும். அப்போது அது தலையைச் சற்று அண்ணாந்து வாயை அகலத் திறக்கும்; நாக்கும் தானே முன்னே வரும். அந்தக் கணத்தில் முகவாய் முதலில் மார்பில் படும்படி அணைத்தால் ஆழமாகப் பிடிக்கும். வலித்தால் பல்லைக் கடித்துப் பொறுக்க வேண்டியதில்லை. சுண்டுவிரலை வாயோரத்தில் நுழைத்து மெல்ல விடுவித்து மீண்டும் தொடங்கலாம். குடிக்கும் வேகம் தளரும்போது மார்பை இதமாக அழுத்தினால் பால் வரும். குழந்தையும் விழித்துக் குடிக்கும். நாளுக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை. ஒவ்வொரு முறையும் இரண்டு, மூன்று தடவை விடுவித்துத் தொடங்கினோம். எண்ணிப் பார்த்தால் அந்த மூன்று வாரங்களில் நூற்றுக்கணக்கான முயற்சிகள்.

தந்தையின் பங்கும் அப்போதுதான் தெளிவாயிற்று. பாலாடையைக் கழுவிக் கொதிநீரில் இட்டு எடுப்பது, நனைந்த துணிகளை எண்ணிக் குறிப்பேட்டில் எழுதுவது ஆகியன அவர் பொறுப்பு. ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளில் ஆறு துணிகளேனும் நன்றாக நனைந்தால் பால் போதுகிறது என்று பொருள். தஹஜ்ஜுத் நேரத்துப் பாலாடையும் அவருடையதே. தாய் இரவின் கடைப்பகுதியில் நான்கு மணி நேரம் தொடர்ந்து உறங்க, அவர் முன்பே பீய்ச்சி வைத்த பாலை மடியில் கிடத்திச் சொட்டுச்சொட்டாகப் புகட்டிவிட்டுத் தொழப் போவார். வந்தவர்கள் “பால் ஊறியதா?” என்று கேட்டால், “பிள்ளைக்கு நாவில் கட்டு இருந்தது, வெட்டியிருக்கிறோம், பழகிக்கொண்டிருக்கிறாள், துஆ செய்யுங்கள்” என்று அவரே விடை சொன்னார். அந்த விடை ஒரு வாரத்தில் ஊரெங்கும் பரவியது. அதன் பின்னர் அந்தக் கேள்வியை எவரும் கேட்கவில்லை.

அந்த இரவுகளில் ஒன்றில்தான் அல்பகரா அத்தியாயத்தின் 233ஆம் வசனத்தை நாங்கள் சேர்ந்து படித்தோம். தாய்மார்கள் இரண்டு ஆண்டுகள் பாலூட்டுவதைப் பற்றிய வசனம் என்று மட்டுமே அதை அறிந்திருந்தோம். முழுவதும் படித்தபோது அதன் பரப்பு விளங்கிற்று. பாலூட்டும் தாயைப் பேணுவதைத் தந்தையின் கடமையாக்குகிறது அது. எவரையும் அவர் சக்திக்கு மேல் சுமத்தலாகாது என்கிறது. பிள்ளையின் பொருட்டுத் தாய்க்கும் இடர் நேரலாகாது, தந்தைக்கும் நேரலாகாது என்கிறது. பால்குடியை நிறுத்துவதானாலும் இருவரும் மனமொத்துக் கலந்தாலோசித்துச் செய்தால் குற்றமில்லை என்கிறது. வேறொருவரைக் கொண்டு பாலூட்டுவதற்கும் இடமளிக்கிறது. அந்த வசனத்தில் தாய் தனியே நிற்கவில்லை. தந்தை இருக்கிறார், ஆலோசனை இருக்கிறது, சலுகையும் இருக்கிறது. எங்கள் வீட்டில் அதுவரை தாய் தனியே நின்றுகொண்டிருந்தார்.

அன்றே மஷூரா செய்தோம். நாற்பதாம் நாள்வரை இயன்றதைச் செய்வோம். அதன் பின்னரும் தாயின் உடலும் உள்ளமும் தாங்கவில்லையெனில் பால்மாவுக்கு மாறுவோம். மாறினால் அது தோல்வியென்று எங்களுள் எவரும் சொல்வதில்லை. இவ்வாறு முடிவு செய்த இரவில்தான் எங்களுள் தாயானவர் பல நாட்களுக்குப் பின் அச்சமின்றிக் குழந்தையை எடுத்தார்.

மூஸா (அலை) அவர்களின் வரலாறும் எங்களுக்கு ஆறுதலாயிற்று. குழந்தைப் பருவத்தில் எந்தச் செவிலித்தாயிடமும் பாலருந்தாமல் மறுத்த நபி அவர்கள். தாயின் உள்ளம் வெறுமையாகிப் போன செய்தியையும், பிள்ளை அவரிடமே திருப்பித் தரப்பட்டுக் கண் குளிர்ந்த செய்தியையும் அல்கஸஸ் அத்தியாயம் சொல்கிறது. பின்னாளில் தம் நாவிலுள்ள முடிச்சை அவிழ்க்குமாறு அல்லாஹ்விடம் இறைஞ்சியவரும் அதே நபிதாம். அந்த துஆ பேச்சைப் பற்றியது. எங்கள் மகளுக்கிருந்த கட்டோடு அதை நாங்கள் ஒன்றாக்கவில்லை. எனினும், தொழ இயலாத அந்த நாட்களில் குழந்தையை மார்பில் சேர்க்கும் ஒவ்வொரு முறையும் அதே துஆவைத் தாய் தம் மனத்துக்குள் கேட்டார்.

வெட்டிய ஏழாம் நாள், அதாவது பிறந்த 25ஆம் நாள், எடை 3 கிலோ 80 கிராம். ஓரிரு நாளில் பிறந்த எடையைத் தாண்டிவிட்டாள். ஆனால் எங்களுக்கு விடை கிடைத்தது எடைக்கருவியில் அன்று. வெட்டிய பதினொன்றாம் நாள் மஃக்ரிப் வேளை. வீட்டில் ஆண்கள் பள்ளிக்குப் போயிருந்தார்கள். தாய் வழக்கம்போல் அணைத்தார். ‘டக்’ ஓசை எழவில்லை. அதற்கு மாறாக, இரண்டு இழுப்புக்கு ஒரு முறை மெல்லிய விழுங்கும் ஓசை கேட்டது. வலி இருந்ததா என்று தமக்குத்தாமே கேட்டுக்கொண்டார், இல்லை. பதினைந்து நிமிடங்களில் குழந்தை தானே வாயை எடுத்து, கைகள் தளர, வாயோரத்தில் பால் வழிய உறங்கினாள். அருகிலிருந்த உம்மும்மா பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். தாயின் முகத்தைப் பார்த்தார். “அல்ஹம்துலில்லாஹ்” என்று மட்டும் சொன்னார்.

அடுத்த முறை மீண்டும் சறுக்கினாள். அதற்கடுத்த முறை நன்றாகக் குடித்தாள். நல்ல வேளைகள் மெல்ல மெல்லப் பெருகின. 32ஆம் நாள் எடை 3 கிலோ 290 கிராம். பால்மாவு முதலில் நின்றது. பின்னர் பாலாடையும் நின்றது. நாற்பதாம் நாளில் நாங்கள் குறித்து வைத்திருந்த மஷூராவுக்குத் தேவையே எழவில்லை.

எங்கள் அனுபவம் எல்லோருக்கும் சட்டமன்று. உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு நாவில் கட்டு இருப்பதாகச் சொன்னால், அவர் பிள்ளை பால் குடிப்பதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறாரா என்று கவனியுங்கள். வெட்டுவதற்கு முன்னும் பின்னும் பாலூட்டலைக் கற்றுக்கொடுக்க ஆள் இருக்கிறாரா என்று கேளுங்கள். வெட்டு அரை நிமிடம். பழக்கம் பல நாட்கள். அந்தப் பல நாட்களுக்கு வீட்டை ஆயத்தம் செய்யாமல் அரை நிமிடத்தை மட்டும் நம்பிச் செல்லாதீர்கள். எங்களுக்குத் தாய்ப்பால் திரும்பக் கிடைத்தது அல்லாஹ்வின் அருள். அவ்வாறு கிடைக்காமல் பால்மாவில் பிள்ளை வளர்க்கும் தாய்மார்களும் அதே அருளில்தான் இருக்கிறார்கள். அவர்களிடம் காரணம் கேட்பது நம் வேலையன்று.

பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போகும்போது பால் ஊறியதா என்று இனி கேட்க வேண்டாம். சாப்பிட்டாயா, உறங்கினாயா என்று கேளுங்கள். பாத்திரம் கிடந்தால் கழுவி வைத்துவிட்டு வாருங்கள். அதற்கும் கூலி உண்டு, இன்ஷா அல்லாஹ்.

அன்று நள்ளிரவில் சொல்லிய சொல்லுக்காக எங்களுள் ஒருவர் மற்றவரிடம் மன்னிப்புக் கேட்டது இந்தக் கட்டுரையை எழுதும்போதுதான். பதினான்கு மாதத் தாமதம். மன்னிப்பு உடனே கிடைத்தது.

யா அல்லாஹ்! பாலூட்டும் ஒவ்வொரு தாய்க்கும் வலிமையையும், அவர் அருகில் இருப்போருக்கு மென்மையான நாவையும் தருவாயாக. பசித்த எந்தப் பிள்ளையையும் பசியோடு உறங்க விடாதிருப்பாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.